காபனற்ற மின்சாரம்: அமெரிக்காவின் மூன்று மாநிலங்கள் சொல்லும் பாடம்

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நியூ ஜேர்சி மாநிலத்தில் நடைபெற்ற ஆளுநர் தேர்தலில் மின்கட்டணமே முதன்மையான விவாதப் பொருள்களுள் ஒன்றாக விளங்கியது. அவ்வாண்டு ஜூன் மாதம் அம்மாநில வீடுகளின் மின்கட்டணம் 17 முதல் 20 சதவீதம் வரை உயர்ந்திருந்தது. கடலில் காற்றாலை அமைக்கும் கொள்கையே இதற்குக் காரணம் என்று குடியரசுக் கட்சியினர் சாடினர். பதின்மூன்று மாநிலங்களின் மின்வலையமைப்பை இயக்கும் பீ.ஜே.எம். நிறுவனமே காரணம் என்றனர் ஜனநாயகக் கட்சியினர். மின்கட்டணம் தொடர்பாக அவசரகால நிலையைப் பிரகடனம் செய்வதாக வாக்குறுதியளித்த மிக்கி ஷெரில் வெற்றி பெற்றார்.

உண்மை யாது? எதிர்காலத் தேவைக்கென மின்னுற்பத்தித் திறனை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பதற்காகப் பீ.ஜே.எம். நடத்தும் ஏலத்தில், ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கான விலை 28.92 டொலரிலிருந்து 269.92 டொலராக 2024 ஜூலையில் எகிறியது. தரவு மையங்களின் பெரும்பசி, பழைய மின்நிலையங்கள் மூடப்படுதல், புதியவற்றை வலையமைப்புடன் இணைப்பதில் தாமதம் என்பன இதற்கான காரணங்கள். நியூ ஜேர்சிக் கடலிலோ அன்றுவரை ஒரு காற்றாலை தானும் நாட்டப்பட்டிருக்கவில்லை. ஆயினும் நாட்டப்படாத காற்றாலைமீது பழி விழுந்தது.

ஒரு தேசம் தனது மின்சக்தி முறைமையைக் காபனிலிருந்து விடுவிக்க வேண்டுமாயின் இயந்திரங்களும் பணமும் மாத்திரம் போதா. இடையறாத ஆராய்ச்சியும், அதன் பொருளை விளங்கிக்கொண்ட பொதுமக்களும் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று பின்தங்கினாலும் மற்றையது முடங்கிப்போகும் என்பதையே அமெரிக்காவின் அண்மைக்கால வரலாறு காட்டுகின்றது.

ஆய்வுகூடத்தின் கொடை

ஆராய்ச்சியைப் பொறுத்தவரை அமெரிக்கா எவருக்கும் இளைத்ததன்று. நியூ ஜேர்சியின் மரே ஹில்லில் அமைந்திருந்த பெல் ஆய்வுகூடத்திலேதான் சிலிக்கன் சூரியக்கலம் 1954ஆம் ஆண்டு ஏப்ரலில் உலகுக்கு அறிமுகமாயிற்று. அது சூரிய ஒளியில் ஏறத்தாழ 6 சதவீதத்தையே மின்சாரமாக மாற்றியது. லிதியம் மின்கலத்தின் அடிப்படை ஆய்வை 1970களில் ஸ்ரான்லி விற்றிங்ஹாம் மேற்கொண்டதும், எண்ணெய் நிறுவனமான எக்சொன் நியூ ஜேர்சியில் நடத்திய ஆய்வுகூடத்தில்தான். இன்று மின்சாரத்தைச் சேமிக்கும் பெருந்தொகுதிகளில் மிகுதியாகப் பயன்படும் லிதியம் இரும்புப் பொஸ்பேற்று மின்கலம் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஒஸ்ரின் வளாகத்தில் ஜோன் குட்இனஃப் குழுவினரின் ஆய்விலிருந்து பிறந்தது. 1997இல் அவ்வாய்வு வெளியாயிற்று. இவ்விரு அறிஞர்களும் ஜப்பானின் அகிரா யொஷினோவும் 2019இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

விதை அமெரிக்காவினது, பெரும் அறுவடையோ சீனாவினது. சூரியக்கலங்களையும் இவ்வகை மின்கலங்களையும் இன்று உலகுக்குப் பெருமளவில் உற்பத்தி செய்து அளிப்பது சீனாவே. ஆய்வுகூடத்திலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து வீட்டுக்கூரைக்கும் செல்லும் பாதையை அரசியல் உறுதியுடன் அமைக்காத தேசம் தன் கண்டுபிடிப்பையே பிறரிடம் விலைகொடுத்து வாங்க நேரும்.

ரெக்சாஸ்: கேட்கப்பட்ட மக்கள்

எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் பேர்போன ரெக்சாஸ், காற்று மின்சாரத்தில் அமெரிக்க மாநிலங்களுள் முதலிடம் வகிப்பது பலருக்கும் வியப்பளிக்கும். இதன் பின்னணி அதிகம் பேசப்படாதது. 1996 முதல் 1998 வரை அங்குள்ள எட்டு மின் நிறுவனங்கள், தமது வாடிக்கையாளர்களின் கருத்தை ஒரு புதிய முறையில் அறிய முற்பட்டன. பேராசிரியர் ஜேம்ஸ் ஃபிஷ்கின் வகுத்த அம்முறைப்படி, எழுந்தமானமாகத் தெரிந்தெடுக்கப்பட்ட மக்கள் ஒரு வார இறுதியில் ஒன்றுகூட்டப்பட்டனர். நடுநிலையான விளக்க ஏடுகள் வழங்கப்பட்டன. அவர்கள் சிறு குழுக்களாக விவாதித்தனர். மாறுபட்ட கருத்துடைய நிபுணர்களைக் கேள்வி கேட்டனர். கூட்டத்திற்கு முன்னர், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்காகச் சற்றுக் கூடுதலாகச் செலுத்தச் சம்மதித்தோர் 52 சதவீதத்தினர். கூட்டத்தின் முடிவில் அத்தொகை 84 சதவீதமாயிற்று.

1999இல், பின்னாளில் ஜனாதிபதியான ஆளுநர் ஜோர்ஜ் புஷ் ஒப்பமிட்ட சட்டம், பத்தாண்டுகளுள் 2,000 மெகாவாட் புதிய புதுப்பிக்கத்தக்க மின்னுற்பத்தித் திறனைக் கட்டாயமாக்கியது. பின்னர் ஏறத்தாழ 7 பில்லியன் டொலர் செலவில் மேற்கு ரெக்சாசின் காற்றுவெளிகளிலிருந்து நகரங்களுக்கு நீண்ட மின்தொடர்கள் அமைக்கப்பட்டன. இன்று அம்மாநில வலையமைப்பின் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு காற்றிலிருந்து வருகின்றது.

அதே ரெக்சாஸ் மறுபாடத்தையும் தந்தது. 2021 பெப்ரவரிக் கடுங்குளிரில் முழு வலையமைப்பும் குலைந்து விழுவதற்கு 4 நிமிடங்களும் 37 செக்கன்களுமே எஞ்சியிருந்தன. 45 இலட்சம் வீடுகளும் நிறுவனங்களும் இருளில் மூழ்கின; அரச கணக்கின்படி 246 பேர் மாண்டனர். குளிரைப் போக்குவதற்கு வீட்டுக்குள்ளே கரியடுப்பையும் மூடிய கொட்டகையில் வாகனத்தையும் இயக்கியோரில் சிலர் காபனோரொட்சைட்டு நச்சுவாயுவுக்குப் பலியாயினர். உறைந்த காற்றாலைகளே காரணம் என உடனடியாகப் பிரசாரம் செய்யப்பட்டது. ஆனால் செயலிழந்தவற்றுள் எரிவாயு நிலையங்களே மிகுதி என மத்திய அரசின் விசாரணை பின்னர் வெளிப்படுத்தியது. 2011ஆம் ஆண்டுக் குளிருக்குப் பின்னரே இவ்வியந்திரங்களைக் குளிருக்கெதிராகக் காப்பிடுமாறு நிபுணர்கள் பரிந்துரைத்திருந்தனர். அது கட்டாயமாக்கப்படவில்லை. அறிக்கை இருந்தது, அதை நிறைவேற்றுமாறு நெருக்கும் பொதுமக்கள் குரல் இருக்கவில்லை.

கலிபோர்னியா: ஒரு குறுஞ்செய்தி

2020 ஓகஸ்ட் மாதத்து வெப்ப அலையில் கலிபோர்னியாவில் மின்வெட்டு ஏற்பட்டது. சூரியன் சாய்ந்த பின்னரும் குளிரூட்டிகளின் தேவை தணியாத மாலை வேளையே அங்கு இடர்மிக்கது. 2022 செப்ரெம்பர் 6ஆம் திகதி மின்தேவை 52,061 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டபோது, மின்பாவனையைக் குறைக்குமாறு அரசாங்கம் கைத்தொலைபேசிகளுக்கு அவசரச் செய்தி அனுப்பியது. சற்று நேரத்திற்குள் ஏறத்தாழ 2,000 மெகாவாட் தேவை குறைந்தது, மின்வெட்டு தவிர்க்கப்பட்டது. இரண்டு பெரும் அணுமின் உலைகளுக்கு ஒப்பான பணியைக் குடும்பங்களின் கைகள் ஆற்றின.

இன்று அம்மாநிலத்தில் 13,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட மின்கலத் தொகுதிகள் பகல் வெயிலை மாலைக்குச் சேமித்துத் தருகின்றன. இதற்கும் விலையுண்டு. 2025 ஜனவரி 16ஆம் திகதி விரிகுடாப் பகுதிக்குத் தெற்கேயுள்ள மொஸ் லாண்டிங்கில் பெரும் மின்கல நிலையமொன்று தீப்பற்றியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இடம்பெயர நேர்ந்தது. இத்தகைய ஆபத்துகளை மறைப்பதன் மூலம் மக்களின் நம்பிக்கையைப் பெற முடியாது. எந்த இரசாயனம் கூடுதலாகத் தீப்பற்றும், எவ்வளவு இடைவெளி வேண்டும், காற்றில் எது கலக்கும் என்பவற்றை அயலவர்களுக்கு முன்கூட்டியே விளக்குவதும் ஆராய்ச்சியின் ஒரு பகுதியே.

நம்பிக்கை தேய்ந்த கதை

மீண்டும் நியூ ஜேர்சிக்கு வருவோம். 2019இல் மாநிலம் அங்கீகரித்த 1,100 மெகாவாட் கடற்காற்றுத் திட்டத்தையும் அதன் துணைத் திட்டத்தையும் டென்மார்க்கின் ஓர்ஸ்ரெட் நிறுவனம் 2023 ஒக்ரோபர் 31ஆம் திகதி கைவிட்டது. வட்டி வீத உயர்வும் உதிரிப்பாகத் தாமதமுமே நேரடிக் காரணங்கள். ஆயின் அதற்கு முன்பே மக்களின் ஆதரவும் தேய்ந்திருந்தது. மொன்மத் பல்கலைக்கழகத்தின் கருத்துக் கணிப்பில் 2019இல் 76 சதவீதமாக இருந்த ஆதரவு, 2023இல் 54 ஆக வீழ்ந்தது. இடையில் கரையொதுங்கிய திமிங்கிலங்களின் சாவுக்குக் கடலாய்வுக் கப்பல்களே காரணம் என்ற பேச்சுப் பரவியிருந்தது. அதற்குச் சான்றில்லை என்று விஞ்ஞானிகள் கூறியபோது காலம் கடந்துவிட்டது. வதந்தி வந்தபின் விளக்கம் அளிப்பது வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதற்கு ஒப்பானது.

அறிவின் வாய்க்கால்களே அடைக்கப்படுவது இதனிலும் கவலைக்குரியது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு நடுநிலையான தொழில்நுட்ப விளக்கம் அளித்துவந்த தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் 1995இல் இழுத்து மூடப்பட்டது. 2025இல், தேசிய காலநிலை மதிப்பீட்டைத் தயாரித்துவந்த அறிஞர்கள் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டனர். அவ்வாண்டு ஜூலை 4ஆம் திகதி ஒப்பமிடப்பட்ட சட்டத்தினால், வீட்டுக்கூரைச் சூரியத் தகடுகளை வாங்குவோருக்கான மத்திய அரசின் வரிச்சலுகை ஆண்டிறுதியுடன் முடிவுற்றது. தகடு விற்க வருவோர் பழைய சலுகையைச் சொல்லிக் கையொப்பம் கேட்பின் எமது குடும்பங்கள் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

எமக்கும் இதற்கும் என்ன?

வழக்கு முடிவையும் வேலை அனுமதியையும் எதிர்பார்த்து வாழும் ஒருவருக்குக் காபனைப் பற்றிச் சிந்திக்க நேரமேது என்று கேட்கலாம். மின்கட்டண உயர்வு முதலில் வருத்துவது வாடகை வீட்டில் வாழும் வறியவரையே. யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்களுக்கு, மின்சாரம் அரசியலிலிருந்து பிரிக்க முடியாதது என்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இன்று அதே வினா எமது மண்ணிலும் எழுந்துள்ளது. மன்னாரில் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட காற்றாலைப் பூங்காவைத் தொடர்ந்து, மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் அளவில் அதானி நிறுவனம் திட்டமிட்டது. 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. மேலும் காற்றாலைகள் வேண்டாம் என மன்னார் மக்கள் அவ்வாண்டிலும் வீதிக்கு இறங்கினர். வெள்ளநீர் வடியும் வழி, மீன்பிடி, வலசைப் பறவைகளின் தங்குமிடம் என அவர்கள் எழுப்பும் வினாக்கள் அறியாமையின் வெளிப்பாடல்ல. ஆய்வு செய்யப்பட வேண்டியவை. அவர்களைக் காலநிலையின் எதிரிகளாகச் சித்திரிப்பது அநீதி.

பழைய முறையைத் தொடர்வதும் தீர்வன்று. சுன்னாகத்தில் எண்ணெய் எரித்த மின்நிலையத்தால் கிணறுகள் மாசடைந்தமைக்காக, நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என இலங்கை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்ததை நாம் அறிவோம். ஆக, காற்றா எண்ணெயா என்பதல்ல வினா. யாருடைய அறிவுடனும் சம்மதத்துடனும் என்பதே வினா. ரெக்சாசில் திட்டத்துக்கு முன் மக்கள் கேட்கப்பட்டனர். மன்னாரில் திட்டம் வந்த பின்னரே மக்கள் குரலெழுப்ப வேண்டியதாயிற்று.

நியூ ஜேர்சியில் மின்கட்டணம் பற்றிய பொது விசாரணைகளில் கருத்துக் கூறுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. எமது சங்க மண்டபங்களில் ஆண்டுவிழாவுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மாலைப்பொழுதை, இம்மாநிலங்களில் பணிபுரியும் எமது பொறியியலாளர்கள் கட்டணப் பட்டியலை வரிவரியாக விளக்குவதற்கு ஒதுக்கலாம். அந்த விளக்கத்தைத் தமிழில் எழுதி மன்னாருக்கும் பூநகரிக்கும் அனுப்பலாம். அங்கே அடுத்த திட்டம் மேசைக்கு வரும்போது, கேட்க வேண்டிய வினாக்கள் மக்கள் கையில் முன்னரே இருக்கட்டும்.