கப்பல் விருந்தும் நம் உடையும்



'சபர்' என்ற சொல் நம் குடும்பங்களில் ஒரு காலத்தில் கண்ணீரோடு சேர்ந்தே ஒலித்தது. பிழைப்புக்காகக் கடல் கடப்பதே சபர். இன்றோ ஓய்வுக்காகவும் மக்கள் கப்பலேறுகின்றனர். சிங்கப்பூரிலும் துபாயிலும் பணிபுரியும் பிள்ளைகள் பெற்றோரை வரவழைத்து, நான்கு நாளோ ஏழு நாளோ உல்லாசக் கப்பலில் அழைத்துச் செல்கின்றனர். 2022 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே அத்தகைய கப்பலொன்று புறப்பட்டது.

சீட்டு எடுத்தவர்களுக்குக் கப்பல் நிறுவனம் அனுப்பும் தாள்களில் 'இரவு விருந்துக்குரிய உடை' என்றொரு பகுதி இருக்கும். வீட்டில் குழப்பம் தொடங்குவது அங்கேதான். மகன் கோட்டும் சூட்டும் தைக்க ஓடுகிறான். மருமகள் புதிய உடைகளுக்குப் பட்டியல் போடுகிறாள். "வாப்பா, அங்கே வந்து ஜிப்பாவும் தொப்பியுமாக உட்கார்ந்துவிடாதீர்கள்" என்று பெரியவரிடம் தயங்கித் தயங்கிச் சொல்லப்படுகிறது. "உம்மா, இந்த ஒரு வாரம் மட்டும்..." என்று தாயிடம் பேச்சு இழுக்கப்படுகிறது. மகிழ்ச்சிக்காக மேற்கொண்ட பயணம் புறப்படுமுன்பே மனத்தாங்கலில் முடிகிறது.

உண்மையில் அந்த விதி கேட்பது என்ன? அது எங்கிருந்து வந்தது? இவற்றைச் சற்று அறிந்துகொண்டால் இந்தக் கலக்கத்தில் பாதி நீங்கிவிடும்.

விமானம் வருமுன் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே பெருங்கப்பல்களே ஓடின. அவற்றின் முதல் வகுப்பில் பயணம் செய்த செல்வர்கள், தம் மாளிகைகளில் இரவு உணவுக்கு எப்படி உடை மாற்றினரோ அப்படியே கப்பலிலும் மாற்றினர். இரண்டு இரவுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. புறப்பட்ட முதல் இரவில் பெட்டிகள் பிரிக்கப்பட்டிரா. கடைசி இரவில் அவை மீண்டும் கட்டப்பட்டிருக்கும். ஆகவே அவ்விரு இரவுகளிலும் சாதாரண உடை போதும் என்பது வழக்கம். விதியைப் போலவே விலக்கும் வசதியை ஒட்டிப் பிறந்தது என்பதைக் கவனியுங்கள்.

1935ஆம் ஆண்டு முதற்பயணம் புறப்பட்ட 'நார்மண்டி' என்ற பிரெஞ்சுக் கப்பலில் முதல் வகுப்பு உணவுக்கூடம் 93 மீட்டர் நீளம் கொண்டது. ஒரே வேளையில் 700 பேர் அமரலாம். அதற்குள் படிக்கட்டு வழியே இறங்கி வரவேண்டும். உண்பதைப் போலவே, இறங்கி வருவதும் அதைப் பிறர் காண்பதும் அந்த விருந்தின் ஒரு பகுதியாக இருந்தன. அதே காலத்துக் கப்பல்களின் கீழ்த்தளங்களில் குடியேறச் சென்ற ஏழைகளும் உண்டனர். அவர்களிடம் எவரும் உடை விதி பேசவில்லை. அன்று அந்த உடை, வகுப்பைப் பிரிக்கும் வேலியாகவே இருந்தது என்பதை மறுக்க முடியாது.

இன்று 'மிக முறையான உடை' என்று அஞ்சப்படும் கறுப்பு டின்னர் ஜாக்கெட்டின் கதை சுவையானது. 1865இல் ஆங்கிலேய இளவரசர் ஒருவர், பின்னால் நீண்ட வால் கொண்ட சம்பிரதாயக் கோட்டுக்குப் பதிலாக, வீட்டு விருந்தில் சாவகாசமாக அமர ஒரு குட்டைக் கோட்டு வேண்டும் என்று லண்டனில் ஹென்றி பூல் என்ற தையற்கடையில் சொல்லித் தைத்துக்கொண்டார். அதிலிருந்தே இது வளர்ந்தது என்பது அக்கடையார் கூறும் வரலாறு. அன்று தளர்வான உடையாகக் கருதப்பட்டதே இன்று உச்சமான சம்பிரதாயமாகிவிட்டது! அந்த ஜாக்கெட்டோடு இடுப்பில் கட்டும் அகலப் பட்டைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் எது தெரியுமா? 'கமர்பந்த்' என்ற பாரசீகச் சொல்லின் திரிபே அது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் நம் பக்கத்திலிருந்து எடுத்துச் சென்றது. செங்கடல் வெப்பத்தில் கோட்டைத் தாங்க முடியாமல், வெறும் சட்டையும் கமர்பந்துமாக உணவுக்கு அமரும் வழக்கத்தையும் அவர்கள் உண்டாக்கிக்கொண்டனர். இவ்வாறு வெப்பத்துக்கும் வசதிக்கும் வளைந்து வளைந்து வந்த ஒரு வழக்கத்தைக் கண்டு நாம் நடுங்க வேண்டியதில்லை.

1958இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியதும் பழைய கப்பல்களின் காலம் சரிந்தது. ஊர் சேர்வதற்காக ஓடிய கப்பல்கள் போய், சுற்றி வருவதற்கென்றே ஓடும் கப்பல்கள் பெருகின. துறைமுகம் வரை விமானத்தில் வருபவர்க்குப் பெட்டியின் எடைக்கு அளவு உண்டு. முன்போல் பத்துப் பெட்டி நிறைய உடை கொண்டுவர இயலாது. விதி தளர்ந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். 2000ஆம் ஆண்டில் நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனம், குறித்த நேரமும் குறித்த இருக்கையும் கட்டாயச் சம்பிரதாய உடையும் இல்லாத முறையையே தன் சிறப்பாக விளம்பரம் செய்தது. மறுபுறம், 1840 முதல் கப்பல் விடும் குனார்டு நிறுவனம் பழைய மரபை இன்றும் பேணுகிறது. அதன் 'குயின் மேரி 2' கப்பலில் சில இரவுகள் சிறப்பு விருந்து இரவுகளாக அறிவிக்கப்படும். அந்த இரவுகளில் ஆண்கள் டின்னர் ஜாக்கெட்டோ டையுடன் கருமையான சூட்டோ அணிவர். பெண்கள் நீண்ட மாலை உடை அணிவர்.

ஆகவே முதல் அறிவுரை: கப்பலுக்குக் கப்பல் விதி வேறுபடும்; உங்கள் கப்பலின் விதியைப் படியுங்கள். பொதுவாக மூன்று நிலைகள் உண்டு. பகலில் எளிய உடை. பெரும்பாலான இரவுகளில் துப்புரவான, மடிப்புக் கலையாத உடை. ஏழு இரவுப் பயணத்தில் பெரும்பாலும் இரண்டு இரவுகள் மட்டும் சிறப்பு உடை. எந்த இரவு எது என்பதை ஒவ்வொரு நாளும் அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளிலோ கைப்பேசிச் செயலியிலோ காணலாம். முதன்மை உணவுக்கூடத்தில் நீச்சல் உடை, கையில்லாப் பனியன், ரப்பர் செருப்பு ஆகியவை ஆகா. அரைக்கால் சட்டையும் பெரும்பாலும் ஆகாது. இவற்றை எதிர்பார்க்க ஆங்கிலேயச் சம்பிரதாயம் வேண்டுமா? நம் வீட்டுக் களரிக்கு இப்படி எவரும் வருவாரா?

சிறப்பு உடை அணிய மனமில்லாதவர்க்கும் பட்டினி இல்லை. அவரவரே எடுத்துண்ணும் பஃபே கூடம் திறந்திருக்கும். சிறப்பு இரவிலும் அங்கே எளிய உடையில் சென்று உண்ணலாம். எவரும் குறை நினைப்பதில்லை.

இரண்டாவதாக, நம்மவர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. மரபு வழுவாத குனார்டு போன்ற நிறுவனங்களும் கூட, சிறப்பு இரவில் அவரவர் நாட்டின் முறையான தேசிய உடையை ஏற்றுக்கொள்கின்றன. ஸ்காட்லாந்துக்காரர் முழங்கால் வரை வரும் கட்டம் போட்ட 'கில்ட்' உடுத்திக்கொண்டு டின்னர் ஜாக்கெட் அணிந்தவர் பக்கத்தில் தலைநிமிர்ந்து அமர்கிறார். கட்டம் போட்டது நம் கைலியும்தானே என்று குறும்பாகக் கேட்பீர்கள்! கில்ட் அவருக்கு விழா உடை; கைலி நமக்கு வீட்டு உடை. துணியின் உருவத்தை விட, அதை உடுத்துபவர் தம் ஊரில் அதற்குக் கொடுக்கும் மதிப்பே இங்கே கணக்கு.

எனவே ஓர் எளிய அளவுகோல் சொல்கிறேன். உங்கள் வீட்டு நிக்காஹ் விருந்துக்கு எதை உடுத்துவீர்களோ, அதையே கப்பலின் சிறப்பு விருந்துக்கும் உடுத்துங்கள். ஆண்களுக்கு ஷெர்வானியோ, கழுத்து மூடிய ஜோத்புரி கோட்டோ போதும். பெண்களுக்கு நல்ல சேலையும் அதற்கேற்ற முக்காடும், அல்லது வேலைப்பாடுள்ள சல்வாரோ அபாயாவோ எந்தச் சபைக்கும் பொருந்தும். வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையும் அணிய விரும்பும் பெரியவர்கள் இருந்தால், தொப்பியையும் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள். வாசலில் நின்று வாதாடுவதை விட வீட்டிலிருந்து கேட்பது கண்ணியம்.

நடைமுறைக் குறிப்புகள் சில. உணவுக்கூடங்களில் குளிர்சாதனம் கடுமையாக இருக்கும். முதியவர்க்கு ஒரு சால்வை அவசியம். கப்பல் அசையும், உயர்ந்த குதிகால் செருப்பு வேண்டாம். தீ விபத்துக்கு அஞ்சி இஸ்திரிப் பெட்டியை அறைக்குள் பெரும்பாலான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. ஆகவே கசங்காத துணியாகப் பார்த்து எடுத்துச் செல்லுங்கள். ஒரே சிறப்பு உடையை இரண்டு இரவும் அணிந்தால் எவரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. வெறும் நான்கு மணி நேரத்துக்காக ஆயிரக்கணக்கில் செலவிட்டுச் சூட்டு தைப்பது, பிறகு அலமாரியில் பூச்சிக்கு இரையாக்குவதற்கே ஆகும்.

டின்னர் ஜாக்கெட் அணிந்தே தீருவேன் என்னும் இளைஞர்களைத் தடுப்பதற்கில்லை. அதுவும் ஓர் உடைதான். ஆனால் அதன் மார்பு மடிப்பிலும் டையிலும் பளபளப்பது சில கடைகளில் அசல் பட்டாக இருக்கும். ஆண்களுக்குப் பட்டு ஆகாது என்பதை நினைவிற்கொண்டு, துணி எதனால் ஆனது என்று கேட்டு வாங்குங்கள். மற்றபடி உடையைப் பற்றி நம் மார்க்கம் கேட்பவை, மறைக்க வேண்டியதை மறைத்தல், தூய்மை, வீண்விரயமின்மை, பெருமையின்மை ஆகியவையே. இவற்றுக்கு முரணாக எதையும் உடுத்தும்படி எந்த உணவுக்கூடமும் கட்டாயப்படுத்துவதில்லை. கட்டாயப்படுத்துவது பெரும்பாலும் நம் உள்ளத்தில் இருக்கும் கூச்சமே.

அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகளே! உங்கள் வாப்பாவுக்குக் கப்பல் புதிதன்று. 1926இல் கட்டப்பட்ட 'ராஜுலா', சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவரை ஏற்றிச் சென்றது. 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதற்குப் பின் 'சிதம்பரம்' ஓடி, 1985இல் தீ விபத்தோடு நின்றது. அக்கப்பல்களின் தளத்தில் பாய் விரித்துப் படுத்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, நாட்கணக்கில் கடல் கடந்தவர்கள் நம் முன்னோர்கள். அந்தக் கைலியும் தொப்பியும் சம்பாதித்த காசில்தான் நீங்கள் படித்தீர்கள். இன்று வெள்ளை விரிப்பு விரித்த மேசையில் அவரை அமர்த்தும் நற்பேறு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அந்த வேளையில், 'இப்படி வராதீர்கள்' என்ற ஒரு சொல் அவர் உள்ளத்தில் எங்கே போய்த் தைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார்; அன்று இரவு "பசியில்லை" என்பார், அவ்வளவே.

இன்னொரு கப்பலையும் நினைவூட்டுகிறேன். 1995 வரை பம்பாயிலிருந்து ஹஜ்ஜுக்குக் கப்பல்கள் சென்றன. யலம்லம் எல்லையை நெருங்கும்போது ஆண்கள் அனைவரும் தைத்த உடைகளைக் களைந்து, இரண்டு வெண்துணிகளை அணிந்துகொள்வர். எவர் முதல் வகுப்பு, எவர் தளப் பயணி என்பது துணியைப் பார்த்துத் தெரியாது. உடையால் மனிதரைப் பிரித்த கப்பல்களும் கடலில் ஓடின. உடையால் மனிதரை ஒன்றாக்கிய கப்பல்களும் அதே கடலில் ஓடின. நாம் எந்தக் கப்பலின் வழிவந்தோர்?

விருந்துக்கு நன்றாக உடுத்துதல், உடன் உண்பவர்க்குச் செய்யும் மரியாதை. இதை நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரே சஹனைச் சுற்றி நால்வர் அமரும்போது, பக்கத்தில் இருப்பவர்க்கு அருவருப்பு உண்டாகாதபடி கையையும் உடையையும் தூய்மையாக வைத்துக்கொள்ளும் மரபு நம்முடையது. கப்பலிலும் பல நேரங்களில் முன்பின் அறியாத ஆறு பேரோ எட்டுப் பேரோ ஒரே மேசையில் அமர நேரும். அவர்கள் முன் துப்புரவாகவும் கண்ணியமாகவும் அமருங்கள். அவர்கள் உங்கள் சேலையைப் பற்றிக் கேட்பார்கள். ஷெர்வானியின் ஊரைக் கேட்பார்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

எனவே இந்த ஆண்டு கப்பலேறப் போகும் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் இது. துணிக்கடைக்குப் போகுமுன் வாப்பாவின் அருகில் அமருங்கள். "அங்கே ஒரு விருந்து இருக்கிறது, உங்களிடம் உள்ளதில் நல்லது எது? அதை எடுத்து வையுங்கள்" என்று சொல்லுங்கள். அந்த உடையை நீங்களே இஸ்திரி போட்டுப் பெட்டியில் மேலாக வையுங்கள். உம்மாவின் சேலைக்கு அருகில் ஒரு சால்வையையும் மறவாமல் வையுங்கள்.

பயணம் இனிதாகுக. வஸ்ஸலாம்.