பழஞ்சோறும் பழம்பாத்திரமும்

தமிழ்த்துறை மலரில் அடுப்பங்கரைக்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். அவர்களுக்குச் சிறுபாணாற்றுப்படையை நினைவூட்ட விழைகிறேன். நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன் தன் பழைய வறுமையை எடுத்துரைக்கும் பகுதி அந்நூலில் உண்டு. குட்டிகள் பாலுக்கு முட்டுவதைப் பொறாமல் ஈன்ற நாய் குரைக்கும் பாழ்பட்ட அடுக்களை அது. அங்கே பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கிறாள். புறங்கூறுவோர் கண்ணில் படலாகாது என நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் மாணவியர் மனம் உப்பில்லாக் கீரையில் நிற்கும்; என் மனமோ அடைத்த கதவில் நிற்கும். நூற்றாண்டுகள் பல கழிந்தும் அக்கதவு நம் வீடுகளில் திறக்கப்படவில்லை என்பதே என் முறையீடு.

வேறெங்கும் செல்ல வேண்டா. எங்கள் இல்லத்தையே சொல்கிறேன். என் மாமி காலைதோறும் நீராகாரம் பருகுபவர். வாசலில் விருந்தினர் குரல் கேட்டதும் கிண்ணத்தை அலமாரிக்குள் வைத்துவிடுவார். "பழையது தின்கிற வீடு என்று பேர் வந்தால் நம் பிள்ளைகளை யாரம்மா பெண் கேட்டு வருவார்?" என்பது அவர் வாதம். சில ஆண்டுகளுக்கு முன் பழம்பாத்திரக் கடையொன்றில் செம்புத் தேக்சா ஒன்றை எடைக்கு விலை கொடுத்து வாங்கி வந்தேன். அதன் கழுத்தில் யாரோ ஒரு பெண்ணின் பெயரும் 1961 என்னும் ஆண்டும் வெட்டப்பட்டிருந்தன. கல்வெட்டைப் படிப்பது போல அதனைப் படித்து மகிழ்ந்தேன். மாமி மகிழவில்லை. "யார் வீட்டு ஏனமோ! பேரைத் தேய்த்துவிட்டு உள்ளே கொண்டு வா" என்றார். (ஏனம் என்பது நம் வீடுகளில் இன்றும் வழங்கும் நல்ல சொல். பாத்திரம் என்று மேடைக்காகப் பேசுவோர் அதனையும் ஒளித்து வைக்கின்றனர்.)

இந்நாணம் எதனைப் பற்றியது? வறுமையைப் பற்றியது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் நாம் மறைப்பது ஓர் அறிவை. சமைத்த சோற்றை நீரின்றி இரவெல்லாம் வெளியில் வைத்தால் பாசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிர் பெருகி நஞ்சை உண்டாக்கக் கூடும். அந்நஞ்சுகளுள் ஒருவகை மறுமுறை சூடாக்கினாலும் அழியாது. நீரூற்றி வைத்த சோற்றிலோ லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வளர்கின்றன. அப்புளிப்பு தீயன பெருகுவதைத் தடுக்கிறது. "சோற்றை ஆறவிடு, நல்ல தண்ணீர் ஊற்று, விடிந்ததும் உண்டுவிடு, அந்திவரை வைக்காதே" என்று நம் மூத்த பெண்கள் விதித்த முறையில் நுண்ணுயிரியல் என்னும் சொல் இல்லை. அதன் செயல் இருந்தது.

மீந்த குழம்புகளைச் சேர்த்துச் சிறுதீயில் நீர் வற்றச் சுண்டவைக்கும் சுண்டக்கறியும் அத்தகையதே. புளியும் உப்பும் செறியச் செறியக் குழம்பு கெடுவது தாமதமாகும், சுவையோ கூடும். நேற்று வைத்த மீன்குழம்பின் பெருமையை நெய்தல் நிலத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மிஞ்சிய சோற்றைப் பச்சைமிளகாயும் சீரகமும் உப்பும் கூட்டி மசித்துப் பிழிந்து வெயிலில் காயவைத்தால் வடகம். ஹஜ்ஜுப் பெருநாளன்று பங்கு வைத்து எஞ்சிய குர்பானி இறைச்சியை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து உலர்த்தினால் உப்புக்கண்டம். குளிர்பதனப்பெட்டி வருவதற்கு முன்பே எம்மவர் வெயிலையும் உப்பையும் பெட்டியாக்கிக் கொண்டனர். இன்று பெட்டி இருக்கிறது. அதனுள் வைத்ததை நான்காம் நாள் எடுத்துக் கொட்டுகிறோம். 2022-ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு 105 கோடி டன் என்றும், அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளில் வீணானது என்றும் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. உணவகங்களைக் காட்டித் தப்ப முயல்வோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாத்திரங்களுக்கு வருவோம். எவர்சில்வர் வந்த வேகத்தில் செம்பும் பித்தளையும் எடைக்குப் போயின. பழகிய தோசைக்கல்லைக் கொடுத்துவிட்டுப் பூச்சுக் கல் வாங்கினோம். சில ஆண்டுகளில் அப்பூச்சு உரிந்து அதுவும் குப்பைக்குப் போயிற்று. பல்லாண்டுகள் எண்ணெய் குடித்துக் கறுத்த இரும்புக்கல் கிடைத்தால், புதியதன் விலையைக் கொடுத்தேனும் வாங்கலாம். பழக்கும் பாடு மிச்சம். வார்ப்பிரும்பாயின் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென ஒலித்தால் நன்று. ஒலி மழுங்கினால் உள்ளே கீறல் இருக்கக் கூடும். பழைய குக்கர் வாங்குவோர் ரப்பர் வளையத்தையும் பாதுகாப்பு வால்வையும் புதிதாக மாற்றாமல் அடுப்பிலேற்றலாகாது. பூச்சு உரிந்த கல்லையும் குழி விழுந்த அலுமினியச் சட்டியையும் யார் இலவசமாகத் தந்தாலும் வேண்டா. செம்பிலும் பித்தளையிலும் ஈயம் தேய்ந்திருந்தால் புளி பட்டுக் களிம்பேறும். ஆணவ மலத்திற்குச் செம்பின் களிம்பை உவமை சொன்ன சைவ சித்தாந்திகளும் இத்தகைய பாத்திரங்களைப் பார்த்தவர்களாகவே இருப்பர்!

ஈயம் என்னும் சொல்லில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. தமிழில் வெள்ளீயமும் உண்டு, காரீயமும் உண்டு. பாத்திரத்தில் பூசத் தக்கது முன்னது, பின்னது நஞ்சு. நவச்சாரம் இட்டு, பாத்திரத்தைக் காய்ச்சி, பஞ்சால் வெள்ளீயம் துடைக்கும் தொழிலாளரிடம் "கலப்பில்லாத வெள்ளீயந்தானா?" என்று கேட்டே கொடுக்க வேண்டும். வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகிவிடும். ஆதலால் ஈயம் பூசிய ஏனத்தை வெறுமையாக அடுப்பில் வைத்தல் ஆகாது.

இவ்வளவும் சொன்ன பின் ஒன்றைச் சொல்லாது விட்டால் இக்கட்டுரை பொய்யாகும். வீண்விரயம் கூடாது என்று மிம்பரில் சொல்லப்படும் உரையைக் கேட்போர் பெரும்பாலும் ஆண்கள். அதனை அடுக்களையில் நிறைவேற்றுவோர் பெண்கள். என் உம்மா எங்களுக்கெல்லாம் சுடுசோறு இட்டுவிட்டுத் தாம் மட்டும் பழையதை உண்பார். தொட்டுக்கொள்ளப் பெரும்பாலும் உப்பும் வெங்காயமுமே. கேட்டால், "எனக்கு இதுதான் பிடிக்கும்" என்பார். நாங்களும் நம்பினோம், நம்புவது எங்களுக்கு வசதியாக இருந்தது. அறுபதாம் வயதில் மயங்கி விழுந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். கடுமையான இரத்தசோகை என்றார் மருத்துவர். "இத்தனை நாள் என்னம்மா சாப்பிட்டீர்கள்?" என்று அவர் கேட்டபோது உம்மா வாய் திறக்கவில்லை. கட்டிலைச் சுற்றி நின்ற வாப்பாவும் நாங்கள் ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பழஞ்சோறு அங்கே குற்றவாளியன்று. மீனும் கறியும் சுடச்சுட மற்றவர்க்கு, மீந்தது அவளுக்கு என்று ஒதுக்கிய எங்கள் வழக்கமே குற்றவாளி.

ஆகவே, சிக்கனத்தைப் போற்றுவோர் முதலில் தம் தட்டில் அதனை இட்டுக்கொள்ள வேண்டும் என்கிறேன். நேற்றைய குழம்பு இருக்குமாயின் அது குடும்பத் தலைவர் முதல் கடைக்குட்டி வரை எல்லோர் தட்டிலும் சமமாக வரட்டும். இன்றைய மீனும் அவ்வாறே வரட்டும். மாணவர்களே, வடகம் பிழிவதும் தோசைக்கல் பழக்குவதும் உங்கள் கைக்கும் வரும். சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. விருந்துகளுக்காகப் பெரிய தேக்சாக்களையும் சஹன் தட்டுகளையும் பொதுவில் வைத்து வழங்கும் மரபு நம் ஜமாஅத்துகளில் இருக்கிறது. பிறர் கை பட்ட ஏனம் இழிவு என்று அங்கே எவரும் கருதுவதில்லை. அதே அறைகளில், வீடுகளில் சும்மா கிடக்கும் நல்ல சிறு பாத்திரங்களையும் வாங்கி, ஈயம் பூசி வைத்தால், புதிதாகக் குடித்தனம் தொடங்குவோர் கடன்படாமல் எடுத்துச் செல்வர். விருந்தில் மிஞ்சியதை அன்றிரவே கொண்டு சேர்க்கும் பொறுப்பையும் சமையற்காரரிடம் விடாமல் இளைஞர் சிலரிடம் ஒப்படைக்கலாம்.

அந்தத் தேக்சா இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது; அப்பெண்ணின் பெயரை நான் தேய்க்கவில்லை. நோன்பு மாதத்தில் அதில்தான் கஞ்சி காய்கிறது. மாமி இன்னும் நீராகாரக் கிண்ணத்தை அலமாரிக்குள் வைக்கத்தான் செய்கிறார். அவருடைய பேரன் மட்டும் தன் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு வாசல்திண்ணையில் அமர்ந்து, வருவோர் போவோர் பார்க்கப் பருகுகிறான்.