சக்கரம் கழன்றால்?

புதுக் கார் வாங்கியதும் பலருக்குச் சக்கரம் மாற்றும் ஆசை வந்துவிடுகிறது. கம்பெனி கொடுத்த இரும்புச் சக்கரம் போய், பளபளக்கும் அலாய் சக்கரம் வருகிறது. பல்லாயிரம் ரூபாய் செலவாகிறது. ஆனால், பழைய நட்டுகளையே மாட்டி அனுப்பிவிடும் கடைகளும் உண்டு. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

“நட்டில் என்ன இருக்கிறது? எல்லாம் ஒன்றுதானே?” என்று கேட்கலாம்.

ஒன்றல்ல. சக்கரத்தில் உட்காரும் அடிப்பாகத்தைப் பாருங்கள். கடைகளில் தனியாக விற்கும் அலாய் சக்கரங்களில் பெரும்பாலானவற்றுக்கு 60 டிகிரி கூம்பு நட்டு வேண்டும். ஹோண்டா கார்களோடு வரும் நட்டின் அடியோ உருண்டை. உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் வைத்து முறுக்கினால், மெல்லிய வளையம் போல ஓரிடத்தில் மட்டுமே தொடும். கைக்கு என்னவோ நன்றாக இறுகியது போலத்தான் இருக்கும்!

மரையும் காருக்குக் கார் மாறும். மாருதி கார்கள் பலவற்றில் 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 1.25 மில்லிமீட்டர் மரை. டொயோட்டா, ஹோண்டா கார்களில் பெரும்பாலும் 1.5. சேராத நட்டை ஏர் கன் வைத்து ஏற்றினால் மரை போய்விடும். ‘மரை கழன்றவன்’ என்று ஆளைக் கேலி செய்வோம். கார் விஷயத்தில் அது கேலி அல்ல.

நட்டு எப்படிச் சக்கரத்தைப் பிடிக்கிறது? முறுக்கும்போது போல்ட் மயிரிழை அளவு நீள்கிறது. இழுத்த ரப்பரைப் போல மீண்டும் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் சக்கரத்தை அழுத்திப் பிடிக்கிறது. அழுத்தம் குறைந்தால் சக்கரம் அசையும். கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது போல, போல்ட் அசைந்து அசைந்தே ஒடிந்துவிடும். கழன்ற சக்கரம் காரை மட்டும் கவிழ்க்காது. பஸ்ஸுக்காக ஓரமாக நிற்பவர் மீதும் பாயும். அவர் என்ன பாவம் செய்தார்?

ஆகவே, முதலில் நட்டைக் கையாலேயே திருக வேண்டும். 1.5 மரையானால் குறைந்தது 8 சுற்று, 1.25 ஆனால் 10 சுற்று ஏற வேண்டும். அதற்குள் நின்றுவிட்டால் அந்த நட்டு வேண்டாம். சக்கரம் உட்காரும் இடத்தில் துரு, மண் இருக்கக் கூடாது. மரையில் எண்ணெய் தடவும் பழக்கமும் தவறு. வழுக்கிக்கொண்டு அளவுக்கு மேல் இறுகி, போல்ட்டை இழுத்துவிடும். ஒரு நட்டை முறுக்கியபின் பக்கத்து நட்டுக்குப் போகாமல், எதிர்ப்புற நட்டுக்குப் போக வேண்டும்.

கடைசி இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச் வேண்டும். குறித்த அளவு வந்ததும் ‘டக்’ என்று சொல்லும் ஸ்பானர் அது. பல சிறு கார்களுக்கு அளவு சுமார் 100 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் 10 கிலோ தொங்கினால் வரும் முறுக்கம் அது. சரியான அளவு காரோடு வந்த புத்தகத்தில் இருக்கும். ஏர் கன்னை ‘டர்ர்’ என்று ஓட்டிவிட்டுப் பணம் வாங்கும் கடைக்காரர், இந்தக் கருவியை வாங்கி வைப்பது கடமை. “டார்க் ரெஞ்ச் இருக்கிறதா?” என்று கேட்பது கார்க்காரரின் உரிமை. கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

புதுச் சக்கரம் ஓட ஓடச் சற்றுப் படியும். அதனால் 80 முதல் 160 கிலோமீட்டருக்குள், சூடு ஆறியபின், நட்டுகளை மறுபடி சோதிக்க வேண்டும்.

பழைய நட்டுகளைக் கடையிலேயே விட்டுவிடக் கூடாது. டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி பழைய இரும்புச் சக்கரமாக இருந்தால், புது நட்டு அதற்குப் பொருந்தாமல் போகலாம். அவற்றை ஒரு பையில் கட்டி ஜாக்கியோடு போட்டு வைத்தால், நடுவழியில் பஞ்சரானாலும் கைக்குக் கிடைக்கும்.