நான்கு செக்கன் மௌனமும் ஐயாயிரம் ரூபாவும்

கடந்த ஆண்டு வடபகுதியிலுள்ள ஆலயமொன்றின் திருவிழாவையொட்டி நடைபெற்ற இன்னிசை நிகழ்ச்சியில் முன்வரிசைக் கதிரையொன்றில் அமர்ந்திருந்தேன். பத்திரிகைக்காரன் என்ற காரணத்தினாற் கிடைத்த கதிரை அது. இளையராஜாவின் பாடலொன்றின் இடையிசையில் புல்லாங்குழல் முடிந்து வயலின்கள் எழவேண்டிய இடத்தில் எதுவுமே எழவில்லை. ஒக்டபாட் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தது. பாடகி கீபோர்ட் வாசித்த இளைஞரைத் திரும்பிப் பார்த்தார். ஏறத்தாழ நான்கு செக்கன்கள். பின்னர் வயலின்கள் வந்தன, பாடலும் ஒழுங்காகவே முடிந்தது. ஆனால் நிகழ்ச்சி நிறைவுற்றதும் பேசிய தொகையில் 5,000 ரூபாவைக் குறைத்தே அந்த இளைஞருக்குக் கொடுத்தார்கள்.

“நாங்கள் காசு குடுத்தது பாட்டுக்கு, சத்தம் நிக்கிறதுக்கில்லை” என்று ஏற்பாட்டாளர்களில் ஒருவர் எனக்கு விளக்கம் தந்தார். அருகில் நின்ற இன்னொரு பெரியவர், கலை இலக்கியம் பற்றி மேடைகளிற் பேசுபவர், அதற்கும் ஒருபடி மேலே சென்றார். “இவர் என்னத்தை வாசிக்கிறார்? கொம்பியூட்டர் வாசிக்குது. இவர் பட்டனை அமத்துறார்.”

இந்த இரண்டு கூற்றுகளையும் பற்றி எழுதாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் அந்தப் பட்டன் விவகாரம். சின்தசைசரில் ஒரு குறிப்பிட்ட ஒலியை உருவாக்குவதற்கான அமைப்புகள் அனைத்தையும் ஒன்றாகச் சேமித்து வைப்பதையே ‘பிரீசெற்’ என்கிறார்கள். 1970 இல் வந்த மினிமூக் கருவியில் இந்த வசதி கிடையாது. ஒலியை மாற்றவேண்டுமாயின் குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருப்பவேண்டும். எந்தக் குமிழ் எங்கே நிற்கவேண்டும் என்பதைக் கடதாசியில் வரைந்து வைத்திருந்தார்கள். 1978 இல் டேவ் ஸ்மித்தின் நிறுவனம் வெளியிட்ட புரொபெற்-5 என்னும் கருவியே ஒலிகளை நினைவில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தியதும் மீளத்தரும் வழியை மேடைக் கலைஞர்களுக்குத் திறந்துவிட்டது. 1983 இல் வெளிவந்த யமஹா டி.எக்ஸ்.7 கருவியில் 32 ஒலிகள் இருந்தன. பட்டன் அமத்துவது நேற்று முளைத்த சோம்பேறித்தனம் என்று எண்ணுபவர்கள் இந்த ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும்.

இன்னும் பின்னே போகலாம். தேவாலயங்களிலுள்ள குழாய் ஓர்கனில் ஒலியை மாற்றுவதற்கு இழுவைகள் உண்டு. பாரிஸிலுள்ள சான் சுல்பிஸ் தேவாலயத்தில் கவையே-கோல் 1862 இல் அமைத்து முடித்த ஓர்கனில் ஏறத்தாழ நூறு இழுவைகள். வாசிப்பவருக்கு இரண்டு கைகள்தானே, ஆகவே பக்கத்தில் நின்று இழுவைகளை இழுப்பதற்கென்றே உதவியாளர்கள் இருந்தார்கள். அதற்கு முன்னரே, 1851 இல் லண்டனில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சியில், பெருவிரலால் அழுத்திப் பல இழுவைகளை ஒரேயடியாக மாற்றும் பொத்தான்களை ஹென்றி வில்லிஸ் தமது ஓர்கனில் வைத்துக் காட்டினார். எந்த நேரத்தில் எந்த ஒலிக்கு மாறுவது என்பது அங்கே தனியொரு கலையாகவே மதிக்கப்படுகிறது. பாரிஸில் அது கலை, நமது ஊரில் அது பட்டன் அமத்துவதா?

இனி அந்த நான்கு செக்கன்கள் எங்கிருந்து வந்தன என்பதைப் பார்ப்போம். ஒலியை மாற்று என்று கருவிக்குச் சொல்லும் மிடி கட்டளை மிகச் சிறியது. அந்தப் பழைய மிடி கம்பியிற்கூட அது போய்ச்சேர ஆயிரத்திலொரு செக்கன் ஆவதில்லை. சிக்கல் கட்டளை போய்ச் சேர்ந்த பின்னரே தொடங்குகிறது. மென்பொருள் வயலின் என்பது உண்மையான வயலின்களை ஒவ்வொரு சுரமாகப் பதிவுசெய்து வைத்த பெரிய கோப்புத் தொகுதி. கட்டளை கிடைத்த பிறகுதான் கணினி அதனை வன்தட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் ஏற்றத் தொடங்குமாயின் ஏற்றி முடியும்வரை மேடையில் மௌனம்தான். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் போகும் பாடலில் நான்கு தட்டுக் கொண்ட ஓர் ஆவர்த்தனம் இரண்டு செக்கன். நான்கு செக்கன் மௌனம் என்றால் இரண்டு ஆவர்த்தனங்கள் பறிபோயின என்று பொருள்.

இதற்குத் தீர்வு உண்டு. அந்த நிகழ்ச்சிக்குத் தேவைப்படும் ஒலிகள் யாவற்றையும் முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றி வைத்துவிட்டு, விரல்கள் அனுப்பும் தகவல் எந்த ஒலிக்குப் போகவேண்டும் என்பதை மட்டும் மாற்றுவது. அப்பிளின் மெயின்ஸ்டேஜ் மென்பொருள் இவ்வாறே இயங்குகிறது. ஏபிள்டன் லைவிலும் ஒலிகளை ஒரே அடுக்கில் கட்டி இதனைச் செய்யலாம். இதிலே இன்னொரு நயமும் இருக்கிறது. பழைய ஒலியில் அழுத்திப் பிடித்திருக்கும் சுரம், புதிய ஒலிக்கு மாறிய பின்னரும் விரலை எடுக்கும்வரை ஒலித்துக்கொண்டேயிருக்கும். குழலின் கடைசிச் சுரம் அடங்குவதற்குள் வயலின் ஏறிவிடும். மாற்றம் நிகழ்ந்ததே கேட்பவருக்குத் தெரியாது. அக்காலக் கருவிகள் பலவற்றில் பொத்தானை அழுத்தியதும் ஒலி கத்தியால் அறுத்ததுபோல நின்றுவிடும். தனித்த கீபோர்ட்களில் இந்தக் குறை நீங்கவே வெகுகாலம் பிடித்தது. கோர்க் நிறுவனம் 2011 இல் வெளியிட்ட குரோனோஸ் கருவியின் பெருமைகளுள் ஒன்றாக இதையே சொன்னார்கள்.

இவை யாவும் அந்த இளைஞருக்குத் தெரியாதா? தெரியும். நான் கேட்டேன்.

“எல்லாத்தையும் ஏத்தித்தான் ஐயா வச்சிருந்தனான்” என்றார். அவருக்கு முன்னர் மேடையில் இருந்தவர்கள் நேரத்தை இழுத்தடித்ததால் ஒலிச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. அறிவிப்பாளர் குழுவின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கையில் மின்சாரத்தை ஜெனரேற்றருக்கு மாற்றினார்கள். அவருடைய லப்டொப்பின் மின்கலம் செத்து நெடுங்காலமாயிற்று. கணினி அணைந்துவிட்டது. எல்லா ஒலிகளையும் மீண்டும் ஏற்றச் சில நிமிடங்கள் வேண்டும். அறிவிப்பாளரோ, ஏற்பாட்டாளர்களோ அந்த நிமிடங்களைக் கொடுக்கவில்லை. “தம்பி, தொடங்கும், சனம் எழும்புது” என்று மேடைக்குக் கீழிருந்து ஒருவர் சத்தமிட்டது என் காதிலும் விழுந்தது. ஆகவே உடனே திறக்கக்கூடிய சிறிய கோப்பொன்றைத் திறந்து, தேவைப்படும்போது தேவைப்படும் ஒலியை ஏற்றலாம் என்று துணிந்தார். அதன் விலை நான்கு செக்கன்.

அவரிலும் பிழை இல்லாமலில்லை. மின்கலம் செத்த கணினியோடு மேடை ஏறக்கூடாது. அவசரத்துக்கு கீபோர்ட்டிலேயே உள்ள வயலின் ஒலியைத் தயாராக வைத்திருக்கலாம், அது திறமாக இராவிட்டாலும் மௌனத்தைவிடத் திறம். ஓர் இரவுக்கு அறுபது ஒலிகள் வேண்டுமா என்றும் கேட்டேன். சிரித்தார். ஆனால் ஜெனரேற்றருக்கு மாற்றியவரிடம் எவரும் ஐயாயிரம் அறவிடவில்லை.

இதில் வேறொரு கணக்கும் உண்டு. முன்னர் இப்படியொரு மேடையில் வயலின், புல்லாங்குழல், கிற்றார், எக்கோடியன் என்று ஆளாளுக்கு இருப்பார்கள். செலவைக் குறைக்கவேண்டும் என்றுதான் அந்த அத்தனை பேரின் வேலையையும் ஓர் இளைஞரின் பத்து விரல்களிற் கட்டினோம். கட்டிவிட்டு, ஒருவரிலிருந்து இன்னொருவராக மாற அவருக்கு நான்கு செக்கன் பிடித்தது என்று தண்டம் அறவிடுகிறோம். இளமையில், வயலினின் இடத்தில் மின்னுறுப்பு வந்ததைக் கண்டித்து நானும் பத்திரிகையிற் காரமாக எழுதியவன். வாசித்தவரை ஏசினேன், வயலின்காரரைக் கூப்பிடாமல் விட்டவர்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அதற்காக இன்று வெட்கப்படுகிறேன்.

இடையே ஒன்று சொல்லவேண்டும். கருவிகளுக்கிடையே ஒலிகளின் வரிசை பொதுவாக இருக்கவேண்டும் என்று 1991 இல் வகுத்த ஜெனரல் மிடி பட்டியலில் 128 ஒலிகள் உண்டு. சித்தார் 105, ஷெனாய் 112. நாதஸ்வரம் இல்லை. கோயில் வாசலில் உண்மையான நாதஸ்வரக்காரர் இருக்கிற மண்ணில், மேடையில் நாதஸ்வரத்துக்குப் பதிலாக ஷெனாயை வாசிக்கிறோம். சில கருவிகள் பூச்சியத்திலிருந்தும் சில ஒன்றிலிருந்தும் எண்ணுவதால் இலக்கம் ஒன்று தவறினால் மங்கல வாத்தியத்துக்குப் பதிலாகச் சின்ன மணி கிணுகிணுக்கும். இத்தனை கண்ணிவெடிகளுக்கு நடுவேதான் அந்தப் பிள்ளைகள் நடக்கிறார்கள்.

இவ்வாண்டும் அதே மேடைக்குப் போயிருந்தேன். வேறொரு குழு வந்திருந்தது. ஒரு பிசகும் இல்லை, ஒரு மௌனமும் இல்லை. குழல் முடிந்த கணத்தில் வயலின்கள் எழுந்தன. மூன்றாவது பாடலில் கீபோர்ட் வாசிப்பவர் இரண்டு கைகளையும் எடுத்து முகத்து வியர்வையைத் துடைத்தார். வயலின்கள் நிற்கவில்லை. முன்பே பதிவுசெய்த இசையை ஓடவிட்டு மேலே விரல்களை அசைத்துக்கொண்டிருந்தார்கள். பாடியவர்கள் மட்டும் உண்மையிற் பாடினார்கள் என்று நினைக்கிறேன், நினைக்க விரும்புகிறேன். முழுத்தொகையும் கொடுக்கப்பட்டது. பொன்னாடையும் போர்த்தினார்கள். “கொம்பியூட்டர் வாசிக்குது” என்று சென்ற ஆண்டு சொன்ன பெரியவர்தான் பாராட்டுரை நிகழ்த்தினார்.

நேர்மையாக வாசித்துத் தவறியவருக்குத் தண்டம், வாசிக்காமலே தவறாதவருக்குப் பொன்னாடை. அடுத்த ஆண்டு அந்த இளைஞர் எந்த வழியைத் தெரிவுசெய்வார் என்று அந்த ஏற்பாட்டாளர்கள் எதிர்பார்க்கிறார்கள்?

இதனை எழுதப்போகிறேன் என்று தொலைபேசியிற் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பேரைப் போட்டிடாதையுங்கோ ஐயா, அடுத்த மாதம் அந்தப் பக்கம்தான் ஒரு கலியாண வீட்டு புரோக்கிராம் இருக்கு” என்றார். புதிய மின்கலம் வாங்கிவிட்டாராம். அதன் விலையைக் கேட்டேன். குறைத்த ஐயாயிரத்திலும் கூடுதலாக இருந்தது.