"கலப்பு வாத்து" என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பறவை பார்க்கும் அன்பர்களோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு. ஐரோப்பிய ஏரியில் எடுத்த முக்குளிக்கும் வாத்துப் படம் ஒன்றைப் போட்டு, "லெஸ்ஸர் ஸ்காப்!" என்று கொண்டாடுகிறார்கள். அது வட அமெரிக்க வாத்து. ஐரோப்பாவுக்கு எப்போதாவதுதான் வரும். ஆனால் அங்கே குடுமி உள்ள டஃப்டட் வாத்தும் செந்தலை போச்சார்டும் இணைந்தால் பிறக்கும் ஆண் குஞ்சு, வளர்ந்ததும் ஏறக்குறைய அதே தோற்றத்தில் நிற்கும்.

1961-லேயே "பிரிட்டிஷ் பேர்ட்ஸ்" இதழ் இந்தக் குழப்பத்தைப் பற்றிக் கட்டுரை போட்டது. உண்மையான லெஸ்ஸர் ஸ்காப் பிரிட்டனில் முதலில் பதிவானதோ 1987-ல்! எச்சரிக்கை முந்தி, பறவை பிந்தி.

அலகை நேர் முன்னாலிருந்து பாருங்கள். ஸ்காப்புக்கு நுனியிலுள்ள நகம் மட்டுமே கறுப்பு. கலப்புக்கு அந்தக் கறுப்பு நகத்தைத் தாண்டிப் பக்கங்களிலும் பரவியிருக்கும். கண்ணில் அப்பாவோ அம்மாவோ தெரிவார்கள்: டஃப்டட்டின் மஞ்சளும் போச்சார்டின் சிவப்பும் சேர்ந்து ஆரஞ்சு. சிறகை விரித்தால் ஸ்காப்பின் பட்டை உடலருகே வெள்ளை, வெளியே போகப் போகச் சாம்பல். கலப்பில் பெரும்பாலும் முழுக்கவே மங்கல். ஒரே அடையாளத்தை நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள். பெட்டை என்றால் இன்னும் சிக்கல்.

"பேரில் என்ன சார் இருக்கு, பொழுதுபோக்குதானே" என்று ஒருவர் கேட்டார். ஆசியாவின் பேயர்ஸ் போச்சார்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 முதல் அழிவின் விளிம்பில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்ட வாத்து. சீனாவில் அது ஃபெருஜினஸ் வாத்தோடு கலக்கிறது. ஆண் பேயர்ஸின் தலையில் பச்சை மினுங்கும். கலப்பில் அதனூடே செம்பழுப்பு எட்டிப் பார்க்கும். அதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் பேயர்ஸ் என்று எண்ணினால், குறைந்துகொண்டே போகும் இனம் நன்றாக இருப்பதாகக் கணக்கு சொல்லும். கணக்கை நம்பித்தானே எந்த ஏரியைக் காப்பது என்று முடிவெடுப்பார்கள்?

பதிவேட்டில் "கலப்பு" என்று எழுதவும் இடம் இருக்கிறது, "போச்சார்ட் வகை, இனம் தெரியவில்லை" என்று எழுதவும் இடம் இருக்கிறது. விடைத்தாளில் தெரியாத கேள்விக்கு அடித்துவிடும் பிள்ளைகளை முப்பது வருடம் பார்த்தவன் சொல்கிறேன், வெற்றிடம் திருத்துகிறவருக்கு எவ்வளவோ மேல்.

அடுத்த முறை படம் போடும்போது அலகின் முன்பக்கமும் விரித்த சிறகும் தெரிகிற மாதிரி இரண்டு படம் சேர்த்துப் போடுங்கள். பெயரைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.