சந்தையை மூடினால் கூலிக்கு யார் பொறுப்பு?

கோலார் தங்கவயல் ஸ்கெலட்டன் பகுதித் தோழர்களே! கறிக்கடை நடத்துவோரே, வெட்டுவோரே, சுமப்போரே, தோல் உரிப்போரே, கறி வாங்கிப் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடும் தாய்மார்களே!

மழை வந்தால் ஈயும் கொசுவும் உண்ணியும் பெருகும். மாட்டுக்கு மாடு தோல் கழலை நோயைப் பரப்புபவை அவைதாம். 2022-ல் அந்த நோய் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. கர்நாடகத்தில் மாட்டுச் சந்தைகள் மூடப்பட்டன, மாடுகளை வண்டியில் ஏற்றிச் செல்லத் தடை வந்தது. பசு செத்தால் 20,000 ரூபாய், எருதுக்கு 30,000, கன்றுக்கு 5,000 என்று மாநில அரசு இழப்பீடு அறிவித்தது. மாட்டை இழந்த விவசாயிக்கு அது சேர வேண்டிய பணம். ஆனால் சந்தை மூடியதால் கூலி இழந்தவர்கள் அந்தக் கணக்கில் எங்கே இருந்தார்கள்?

ஏற்கெனவே நம் தொழிலின் கழுத்து இறுகிக் கிடக்கிறது. 2021 ஜனவரி முதல் கர்நாடகச் சட்டப்படி பசு, காளை, எருது, கன்று எதையும் வெட்ட முடியாது. 13 வயது தாண்டிய எருமையை மட்டும், அதிகாரியின் சான்றோடு வெட்டலாம். மீறினால் 3 முதல் 7 ஆண்டு சிறை. தோல் கழலை எருமையை அரிதாகத்தான் தாக்கும். ஆனால் சந்தைக் கதவைச் சாத்தினால் எருமைக்கும் வழி இல்லை.

நோயை முந்திக்கொண்டு வதந்தி ஓடும். உரக்கச் சொல்லுங்கள்: தோல் கழலை மனிதருக்குத் தொற்றாது! அதற்காக நோய்ப்பட்ட உருப்படியில் கத்தி வைக்காதீர்கள். அடைப்பான் போன்ற நோய் வெட்டுபவரின் கையில்தான் முதலில் ஏறும். ஒருவர் செய்யும் தவறுக்கு ஊரிலுள்ள கடைகள் அத்தனையும் பழி சுமக்கும். சந்தேகம் வந்தால் 1962 எண்ணை அழைத்துக் கால்நடை மருத்துவரை வரவழையுங்கள்.

நாம் கேட்பது சலுகை இல்லை, உரிமை:

மழைக்கு முன்பே ஒவ்வொரு தொழுவத்துக்கும் தடுப்பூசி வர வேண்டும்.

வெட்டுமுன் உருப்படியையும், வெட்டியபின் கறியையும் மருத்துவர் சோதித்து முத்திரையிட வேண்டும்.

சந்தைத் தடை நோய் கண்ட பகுதிக்கு மட்டும், நாள் குறித்து விதிக்கப்பட வேண்டும்.

தடை நீடிக்கும் நாட்களுக்கு வெட்டுவோர், சுமப்போர், தோல் தொழிலாளர், சிறு கடைக்காரர் அனைவருக்கும் நிவாரணம் தர வேண்டும்.

தோழர்களே, 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்துச் சுரங்க வேலையை நிறுத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அன்றிலிருந்து விடியுமுன் பெங்களூரு ரயில் பிடித்துப் பிழைக்கிறது நம் ஊர். ரயில் ஏறாமல் உள்ளூரிலேயே சோறு போடும் சில தொழில்களில் கறிக்கடையும் ஒன்று. அதையும் கைவிட்டால் இங்கே மிஞ்சப்போவது என்ன?

இந்த வாரமே குடியிருப்பு லைன் லைனாகக் கூடுங்கள். கடைக்காரரும் கூலிக்காரரும் ஒரே மனுவில் கையெழுத்திடுங்கள். பால் மாடு வளர்க்கும் விவசாயியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தடுப்பூசி அவருக்கும் வேண்டும். மழைக்கு முன் கோலார் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் திரண்டு போவோம். வாருங்கள், ஒருவரும் வீட்டில் தங்காதீர்கள்!