வெற்றிலையில் வைத்த அச்சாரம் போதுமா?

உறுதி எழுதாமல் நாம் காணி வாங்குவோமா? வாங்கோம். ஆனால், நம் கோயிலில் விடியுமட்டும் நாதசுரம் வாசிப்பவருக்கு வெற்றிலையில் வைத்த அச்சாரமே ஒப்பந்தம்! திருவிழா முடிந்தபின் உபயகாரர் பேசிய தொகையைக் குறைத்தால் கலைஞருக்குச் சாட்சி யார்?

வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே, இந்நாட்டுச் சட்டம் அதை மறுக்கவில்லை. ஆயினும், 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, எழுதிய ஒப்பந்தத்தின்மேல் வழக்கிட 6 ஆண்டு; எழுதாததற்கு 3 ஆண்டே!

இதற்கு நொத்தாரிசைத் தேடவேண்டியதில்லை. நாள், நேரம், தொகை, கொடுக்கும் தவணை, நிகழ்ச்சி நின்றால் நட்டம் யாருக்கு, ஒலிப்பதிவை விற்கும் உரிமை யாருக்கு என ஒரு தாளில் எழுதி இருவரும் கைச்சாத்திட்டாற் போதும்.

பொன்னாடை போர்த்தும் பெரியோர்களே, முதலில் கைச்சாத்திடுங்கள்! நம் கலைஞர் கேட்பது பிச்சையன்று, உழைப்பின் ஊதியம்.